11-ம் எண் புயல் கூண்டு எதற்கு? சர்வர் ‘டவுன்’ ஆவதைவிட ஆபத்தான விஷயம் எது?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானாலே செய்திகளில் தவறாமல் வரும் வரி இது: “தூத்துக்குடி துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.” நிலைமை மோசமானால் அது 3 ஆகும், 5 ஆகும். மிகப்பெரிய அபாயம் என்றால் 8, 9, 10.

இதோடு பட்டியல் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 11-ம் எண் என்று ஒன்று உண்டு. 10-ஐவிடப் பெரிய புயல் வருகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. “வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பு இருக்கிறது” என்பதுதான் அதன் பொருள்.

அதாவது முதல் 10 எண்களும் புயலைப் பற்றிப் பேசுகின்றன. 11-ம் எண், தகவல் வரவில்லை என்பதையே ஓர் எச்சரிக்கையாகச் சொல்கிறது. செல்போனும் இணையமும் வருவதற்கு முன்பே துறைமுகங்களில் இருந்த இந்த யோசனை, இன்று சர்வர்களை நம்பி இயங்கும் பல அலுவலகங்களில் இல்லை. “சர்வர் டவுன், அப்புறம் வாங்க” என்ற பதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? சர்வர் பழுதாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் செட்டிங்ஸ் என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

தூத்துக்குடிக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?

1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது தூத்துக்குடி. இன்றைய வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கும் அதிகமான சரக்கைக் கையாள்கிறது. 2024 செப்டம்பர் 16-ல் புதிய சரக்குப் பெட்டக முனையம் ஒன்றையும் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார்.

திருப்பூர் பனியன், கரூர் போர்வை என எது கண்டெய்னரில் ஏறினாலும், அதற்கு முன்பு கம்ப்யூட்டரில் பல படிகளைத் தாண்ட வேண்டும். சுங்கத்துறையில் ஷிப்பிங் பில் பதிவாக வேண்டும். ஏற்றுமதிக்கு அனுமதி வர வேண்டும். முனையத்தின் கேட்டில் லாரி எண்ணும் கண்டெய்னர் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஏதாவது ஒரு சர்வர் நின்றாலும் லாரி வரிசை நீளும். டிரைவருக்குத் தூக்கம் போகும், லாரி உரிமையாளருக்கு ஹால்டிங் செலவு ஏறும்.

இங்கிருந்து கிளம்பும் கண்டெய்னர்களில் கணிசமானவை ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ஃபீடரைத் தவறவிட்டால் பெரிய கப்பலும் போச்சு. தூத்துக்குடியில் சில மணி நேரம் தவறினால், வெளிநாட்டில் சரக்கு இறங்குவது பல நாள் தள்ளிப்போகலாம்.

கடலுக்குள் இருப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தில் (இன்காய்ஸ்) 2007 அக்டோபர் முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படுகிறது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் இடம் பற்றிய தகவல்களும் அங்கிருந்துதான் கடற்கரைக்கு வருகின்றன. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவிகளை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ ஓர் அறையில் சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சர்வர் எப்படியெல்லாம் பழுதாகும்?

பொதுவாக மூன்று விதம்.

ஒன்று, மொத்தமாக நின்றுபோவது. இது உடனே தெரிந்துவிடும், எல்லோரும் கத்துவார்கள்.

இரண்டு, மெதுவாவது. ஹார்டு டிஸ்க் நிரம்புவது, மெமரி தீர்வது போன்ற காரணங்களால் வேலை இழுக்கும். “இன்னைக்கு நெட் ஸ்லோ” என்று சொல்லிக் கடந்துபோய் விடுவார்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. சர்வர் ஓடுகிறது, திரை தெரிகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் செய்ய வேண்டிய வேலை மட்டும் உள்ளே நின்றுபோயிருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் ‘பிரச்சினை இல்லை’ என்பதற்கும் ‘பிரச்சினையைச் சொல்ல ஆள் இல்லை’ என்பதற்கும் வித்தியாசமே தெரியாது.

5 கோடி பேரை இருளில் தள்ளிய ‘அமைதி’

இந்த மூன்றாவது வகைக்கு உலகம் மறக்காத உதாரணம், 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவில் நடந்த மின்தடை.

ஒஹையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட் எனர்ஜி மின் நிறுவனத்தில், கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருள் பிற்பகல் 2.14 மணியளவில் செயலிழந்தது. எந்தச் சத்தமும் இல்லை. ‘நான் வேலை செய்யவில்லை’ என்று சொல்லும் ஏற்பாடும் அதில் இல்லை. 2.41-க்கு பிரதான சர்வர் விழுந்தது. வேலை மாற்று சர்வருக்குப் போனது. அதே சுமையோடு போனதால் 2.54-க்கு அதுவும் விழுந்தது.

சர்வர் விழுந்ததும் ஐ.டி ஊழியர்களுக்குத் தானியங்கித் தகவல் போனது. அவர்களும் 3.08-க்குள் சர்வரை மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஆனால் எச்சரிக்கை மணி திரும்ப அடிக்கிறதா என்று கட்டுப்பாட்டு அறையில் யாரும் கேட்டு உறுதி செய்யவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கோ மணி செத்துப்போன விஷயமே தெரியாது.

3.05 மணி முதல் உயர் அழுத்த மின்பாதைகள் ஒவ்வொன்றாக மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டன. பக்கத்து நிறுவனத்தினர் போன் செய்து கேட்டபோதும், திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லாததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 4.10-க்கு மேல் சில நிமிடங்களில் மின் கட்டமைப்பு சரிந்தது. அமெரிக்காவின் 8 மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் இல்லை.

அன்று அந்த அறையில் 11-ம் எண் கூண்டு ஏற்ற ஆள் இல்லை என்று சொல்லலாம்.

சர்வரில் பார்க்க வேண்டிய செட்டிங்ஸ் என்ன?

பழுதைக் கண்டுபிடிக்கும் பெரும்பாலான வசதிகள் சர்வரிலேயே இருக்கின்றன. சர்வர் வாங்கும்போது எப்படி வந்ததோ அப்படியே விட்டுவிடுவதுதான் சிக்கல்.

1. நிகழ்வுப் பதிவு

சர்வரில் நடப்பதெல்லாம் ‘லாக்’ எனப்படும் பதிவேட்டில் ஏறும். விண்டோஸ் சர்வர் திடீரென அணைந்து மீண்டும் எழுந்தால் 41, 6008 போன்ற எண்களில் ‘ஈவென்ட் வியூவர்’ பகுதியில் பதிவு இருக்கும். ஆனால் சிஸ்டம் லாகின் அளவு, தானாக அமைந்திருப்பது வெறும் 20 எம்.பி. அது நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். போன மாதம் என்ன நடந்தது என்று தேடும்போது, அந்தப் பக்கமே இருக்காது. அளவைக் கூட்ட வேண்டும். பதிவின் நகல் வேறொரு சர்வருக்கும் போய்க்கொண்டிருக்க வேண்டும். திருட்டு நடந்த கடையிலேயே சிசிடிவி பதிவையும் வைத்திருந்தால், திருடன் அதையும் சேர்த்துத்தானே எடுத்துப் போவான்?

2. மெமரி டம்ப்

சர்வர் விழும் அந்த நொடியில் அதன் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதை ஒரு கோப்பாக எழுதி வைக்கும் வசதி இது. லினக்ஸில் ‘கேடம்ப்’ என்ற ஏற்பாடு இதே வேலையைச் செய்கிறது. விபத்துக்குப் பிறகு விமானத்தின் கறுப்புப் பெட்டி கிடைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இதை எழுத டிஸ்க்கில் போதிய இடமும், ‘பேஜ் ஃபைல்’ தேவையான அளவிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு உருவாகாமலே போகலாம். இன்னொரு விஷயம், பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும் தேர்வு விண்டோஸில் தானாகவே இயங்கும். இரண்டாவது முறை சர்வர் விழுந்தால் முதல் முறைக்கான தடயம் அழிந்துவிடும்.

3. தானாக மறுதொடக்கம்

சர்வர் விழுந்தால் தானே எழுந்து நிற்கும் வசதி. ராத்திரி 2 மணிக்கு ஆள் இல்லாத நேரத்தில் இது பெரிய உதவி. ஆனால் காரணம் சரியாகாமல் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்தால்?

2024 ஜூலை 19-ல் உலகம் இதைத்தான் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. பல கம்ப்யூட்டர்கள் எழுவதும் விழுவதுமாகவே இருந்தன. இந்தியாவில் விமானப் பயணிகளுக்கு போர்டிங் பாஸ் கையால் எழுதித் தரப்பட்டது. தவறான அப்டேட் 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டாலும், ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர்களை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

4. சேவை மீட்பு

சர்வர் ஓடும், அதற்குள் ஒரு சேவை மட்டும் நின்றுபோகும். முதல் முறை நின்றால் என்ன செய்வது, இரண்டாவது முறை, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று விண்டோஸில் தனித்தனியாக அமைக்கலாம். பல சேவைகளில் ‘எதுவும் செய்யாதே’ என்பதுதான் தொடக்கத்தில் இருக்கும். முதல் இரண்டு முறை சேவையை மீண்டும் தொடங்கு, மூன்றாவது முறை ஆளுக்குத் தகவல் அனுப்பு என்று அமைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

5. கருவியின் உடல்நிலை

ஹெச்.பி சர்வர்களில் ‘ஐலோ’, டெல் சர்வர்களில் ‘ஐடிராக்’ என்று ஒரு தனிச் சில்லு இருக்கும். சர்வரே செயலிழந்தாலும் மின்சாரம் வரும்வரை இது விழித்திருக்கும். ஃபேன், வெப்பநிலை, பவர் சப்ளை நிலையைச் சொல்லும். இயங்குதளம் குறிப்பிட்ட நேரத்துக்கு அசைவே காட்டாவிட்டால் சர்வரை மறுதொடக்கம் செய்யும் ‘வாட்ச்டாக்’ வசதியும் உண்டு. உப்பளங்கள் சூழ்ந்த, உப்புக்காற்று அடிக்கும் தூத்துக்குடி மாதிரி ஊரில் இது இன்னும் முக்கியம். கடலோரக் காற்றின் ஈரமும் உப்பும் மின்னணுப் பலகைகளை அரிக்கும். சர்வர் அறையின் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் கண்காணிக்க வேண்டும்.

6. இதயத்துடிப்பு

மேலே சொன்ன ஐந்தையும்விட அவசியமானது இது. ‘ஹார்ட்பீட்’ என்று ஐ.டி துறையினர் சொல்வார்கள். சர்வர் குறிப்பிட்ட இடைவெளியில், உதாரணமாக நிமிடத்துக்கு ஒரு முறை, ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று வெளியே இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே எச்சரிக்கை.

முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய ஊருக்கு இது புதிதல்ல. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவரின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருந்தவர் கையில் இருந்தது. கீழே கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். அசைய வேண்டிய நேரம் தாண்டியும் அசையாவிட்டால், ‘கீழே எல்லாம் நலம்’ என்று உட்கார்ந்திருக்க முடியாது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. கயிற்றைப் பிடிக்கும் வேலை மட்டும் சர்வர் அறைக்கு மாறியிருக்கிறது.

நாகியோஸ், ஜாபிக்ஸ், பிராமிதியஸ் போன்ற இலவச மென்பொருட்களே இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளப் போதும். ஒரே நிபந்தனை, கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே சர்வரில் இருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் நல்லதா?

இல்லை. டிஸ்க் 50 சதவீதம் நிரம்பியதற்கும் மெசேஜ், 51-க்கும் மெசேஜ் என்று வந்துகொண்டே இருந்தால், மூன்றாவது நாள் அந்த வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள். நிஜமான ஆபத்து வரும்போது யாரும் பார்க்க மாட்டார்கள்.

புயல் கூண்டு இந்த விஷயத்திலும் நல்ல பாடம். 1, 2 என்றால் தூரத்தில் இருக்கிறது, கவனமாக இரு. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். எந்த எண்ணுக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பது ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். சர்வரிலும் அப்படித்தான். எதை எழுதி வைத்தால் போதும், எதைக் காலையில் பார்க்கலாம், எதற்கு ஆளை நடுராத்திரியில் எழுப்ப வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் கம்ப்யூட்டர் அவசரகால நடவடிக்கைக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு இதில் முக்கியமானது.

* நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும்.
* பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்கள் நடந்தால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.
* எல்லா கணினிகளின் கடிகாரமும் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

கடிகாரத்துக்கு எதற்குச் சட்டம் என்று தோன்றலாம். ஒரு சர்வரில் மணி 10.02, இன்னொன்றில் 10.09 என்று இருந்தால், எது முதலில் விழுந்தது, எது அதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த உத்தரவு முதன்மையாக சைபர் தாக்குதல் போன்ற சம்பவங்களுக்கானது. சாதாரணமாக டிஸ்க் பழுதானால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் விழுந்தது பழுதாலா, தாக்குதலாலா என்று சொல்வதற்கே லாக் வேண்டும். 2017 ஜூன் 27-ல் ‘நாட்பெட்யா’ வைரஸ் பரவியபோது, மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் முனையம் முடங்கியது. 2023 ஜூலை 4-ல் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் ரான்சம்வேர் தாக்குதலால் கண்டெய்னர் பணி இரண்டு நாட்களுக்கும் மேல் நின்றது. கேட்டில் நிற்கும் லாரி டிரைவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: ‘சர்வர் டவுன்.’

மாற்று சர்வர் இருந்தால் போதாதா?

2021 பிப்ரவரி 24-ல் தேசிய பங்குச் சந்தையான என்.எஸ்.இ-யில் முற்பகல் 11.40-க்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறு தரவுச் சேமிப்பு அமைப்பைப் பாதித்து, இடர் மேலாண்மை மென்பொருள் கிடைக்காமல் போனது. மீண்டும் வர்த்தகம் தொடங்கியது பிற்பகல் 3.45-க்குத்தான். பேரிடர் காலத்துக்கான மாற்று மையம் இருந்தும் அன்று அங்கே மாறவில்லை.

அதன்பிறகு செபி கொண்டுவந்த விதி இதுதான்: முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் அதைப் ‘பேரிடர்’ என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்துக்கு மாற வேண்டும். பழுதைக் கண்டுபிடிப்பது மெஷின் வேலை. இது பேரிடர் என்று அறிவிப்பது மனிதர் வேலை. அந்த மனிதர் யார், எத்தனை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பதும் ஒரு செட்டிங்தான். அது கம்ப்யூட்டரில் இல்லை, காகிதத்தில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் சொன்னது என்ன?

தூத்துக்குடி மாவட்டம் இந்தப் பாடத்தைச் சர்வர் இல்லாமலேயே அனுபவித்தது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. தாமிரபரணி வெள்ளம் ஊர்களைச் சூழ்ந்தது. மின்சாரமும் செல்போன் சிக்னலும் பல இடங்களில் சேர்ந்தே போயின. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்க, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினார்கள். அவர்களை முழுமையாக மீட்க 19-ம் தேதி ஆனது.

அந்த நாட்களில் வெளியூரில் இருந்த உறவினர்கள் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற பதில்தான் வந்தது. எந்த ஊரில் இருந்து உதவி கேட்டு அழைப்பு வரவில்லையோ, அங்கேதான் நிலைமை மிக மோசமாக இருந்திருக்கக்கூடும். அழைப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு அந்த ஊர் கண்ணிலேயே படாது. வழக்கமாகத் தகவல் வரும் இடத்தில் இருந்து இன்று வரவில்லை என்று தனியாகப் பட்டியல் போட்டால்தான் தெரியும்.

தானியங்கி மழைமானிக்கும் இது பொருந்தும், படகின் டிரான்ஸ்பாண்டருக்கும் பொருந்தும். திரையில் படகு பச்சைப் புள்ளியாகத் தெரிவது முக்கியம் இல்லை. அந்தப் புள்ளி கடைசியாக எத்தனை மணிக்கு அசைந்தது என்பதுதான் முக்கியம்.

உங்கள் அலுவலகத்தில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

கிளியரிங் ஏஜென்ட் அலுவலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, மருத்துவமனையோ, ஒரே ஒரு சர்வர் இருந்தாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

* சர்வர் இப்போது நின்றால், வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பு நமக்குத் தெரியுமா?
* தகவல் யார் போனுக்கு வரும்? அவர் விடுமுறையில் இருந்தால் அடுத்தது யார்?
* லாக் பதிவுகள் 180 நாட்களுக்கு இருக்கின்றனவா? நகல் வேறு இடத்தில் இருக்கிறதா?
* கரண்டும் இன்டர்நெட்டும் சேர்ந்து போனால் எச்சரிக்கை எந்த வழியாக வெளியே வரும்?
* எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தோம்?

பெரும்பாலான இடங்களில் தடுமாறுவது கடைசிக் கேள்வியில்தான். மாதம் ஒரு முறை, வேலை குறைவான நேரத்தில், வேண்டுமென்றே ஒரு சேவையை நிறுத்திப் பார்க்க வேண்டும். குறித்த நிமிடத்துக்குள் போன் அடித்தால் செட்டிங்ஸ் சரி. அடிக்காவிட்டால், பழுது வருவதற்கு முன்பே ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டதாக அர்த்தம்.

அடுத்த முறை துறைமுகத்தில் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வரும்போது 11-ம் எண்ணையும் நினைத்துக்கொள்ளலாம். கடல் அமைதியாக இருப்பது வேறு, கடலில் இருந்து செய்தி வராமல் இருப்பது வேறு.